மேட்டுத்தெருவின் அளவை

ஜூலை 8

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி அரை வருஷமாக பீரோவில் சும்மா கிடந்தது. மீதிப் பக்கங்களையாவது எழுதுவோம் என்று இன்று எடுத்தேன். இவர் எட்டிப் பார்த்து, "பால் கணக்கா?" என்றார். ஆமாம் என்றேன். எதற்கு வாய் கொடுப்பானேன்.

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு இன்று குடியிருப்புகள் பாடம். குழுமிய குடியிருப்பு, சிதறிய குடியிருப்பு என்று நான் ஆரம்பித்ததுமே பிள்ளைகளுக்குக் கண் சொருகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அவரவர் தெருவைச் சொல்லுங்கள் என்றேன். உடனே அத்தனை பேருக்கும் முழிப்பு வந்துவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் செங்கட்டான் கண்மாய்க் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். கீழத்தெரு, மேட்டுத்தெரு என்று இரண்டே தெரு. எந்த வீட்டுக்கும் கதவு எண் கிடையாதாம். தபால்காரர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போவாராம்.

அந்தக் குடியிருப்பைப் பிள்ளைகளை வைத்தே அளந்து வரைபடம் போட்டால் என்ன? மாவட்டக் கண்காட்சி ஆகஸ்டில் வருகிறது.

ஜூலை 11

கிராம நிர்வாக அலுவலரிடம் கெஞ்சிக் கூத்தாடி கண்மாயின் பழைய படத்துக்கு ஒரு நகல் வாங்கினேன். உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது. இதில் வீடு வரைந்தால் எறும்பு மொய்த்த மாதிரிதான் தெரியும். ஜெராக்ஸ் கடையில் இரண்டு மடங்காகப் பெரிதாக்கி சார்ட் அட்டையில் ஒட்டினேன். சின்னப் படத்தில் இருந்தபடியே அடியில் 'அளவை 1:5000' என்று பட்டை எழுத்தில் எழுதினேன். என் கையெழுத்துக்கு என்ன குறை.

ஜூலை 20

சனிக்கிழமை. பிள்ளைகளோடு குடியிருப்புக்குப் போனேன். கண்மாய் காய்ந்து கிரிக்கெட் மைதானமாகக் கிடக்கிறது. கரையில் இருக்கும் மடையிலிருந்து குறுக்காக டேப் பிடித்து, ஒவ்வொரு வீடும் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, குடும்பத் தலைவர் யார் என்று குறித்தோம்.

எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தது முத்துப்பேச்சிதான். மேட்டுத்தெருப் பெண். அப்பா இல்லை, அம்மா இருளாயி சித்தாள் வேலைக்குப் போகிறாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் கணக்காகத்தான் இருக்கும். வீடுகளுக்கு எண் போடும் யோசனையும் அவளுடையதே. மேட்டுத்தெரு வீடுகள் மே-1, மே-2 என்றும், கீழத்தெரு வீடுகள் கீ-1, கீ-2 என்றும் சிவப்புப் பெயின்டில் வாசல் நிலைக்குப் பக்கத்தில் எழுதினார்கள். சனங்களுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே சிலிண்டர்காரனுக்கு நம்பரச் சொல்லலாம்ல" என்று ஒரு அம்மா எனக்கு மோர் கொடுத்தாள்.

ஜூலை 27

பென்சில் வேலை முடிந்தது. அசந்துபோனேன். மேட்டுத்தெரு முழுக்கக் கண்மாயின் எல்லைக் கோட்டுக்கு உள்ளே விழுந்திருக்கிறது. கீழத்தெரு விழும் என்று தெரியும். மேட்டுத்தெருவுமா! நீர்நிலைக்குள் மனிதன் எப்படி மெல்ல மெல்ல இறங்குகிறான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கண்மாய்க் கோட்டுக்கு நீலம், வீடுகளுக்குச் சிவப்பு என்று சொல்லிவிட்டேன்.

"எங்க வீட்டுக்குத் தண்ணி வந்ததே இல்லையே மிஸ்" என்றாள் முத்துப்பேச்சி.

"மழை ஒழுங்காப் பெய்யலன்னு அர்த்தம்" என்றேன்.

மேட்டுத்தெருக் கடைசியில் மூன்று வீடுகள் படத்தில் இல்லை. கேட்டால், "அந்த வீட்டுக்காரவுக எங்களச் சேக்க வேணாம்னு சொல்லிட்டாக மிஸ்" என்கிறாள். வரைபடம் என்றால் முழுசாக இருக்க வேண்டும், அரைகுறைக்கு மதிப்பெண் கிடையாது என்று திருப்பி அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் மூன்றும் வந்துவிட்டன.

ஆகஸ்ட் 23

மாவட்டத்தில் முதல் பரிசு! வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "வீடு வாரியா, குடும்பத் தலைவர் பேரோட இருக்கே. எங்ககிட்டயே இப்படி ஒண்ணு இல்லையே டீச்சர்" என்றார். எங்கள் தலைமையாசிரியர் சந்தனகுமாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கேயே ஒரு நகல் எடுத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். நவம்பரில் சென்னையில் மாநிலக் கண்காட்சி.

ஆகஸ்ட் 24

பேப்பரில் படம் வந்திருக்கிறது. என் தலை பாதி வெட்டுப்பட்டுவிட்டது.

செப்டம்பர் 12

இன்று வரைபட அளவை நடத்தினேன். படத்தைப் பெரிதாக்கினால் 1:5000 என்று எழுதியிருக்கும் பின்னம் பொய்யாகிவிடும். அடியில் வரைந்த கோட்டளவை மட்டும் படத்தோடு சேர்ந்து நீண்டு, உண்மையாகவே இருக்கும். வருஷம் தவறாமல் பரீட்சையில் வரும் கேள்வி. ரப்பர் பேண்டில் பேனாவால் கோடு போட்டு இழுத்துக் காட்டினேன். பிள்ளைகள் ரசித்தார்கள்.

முடிக்கும்போது முத்துப்பேச்சி எழுந்தாள்.

"மிஸ், நம்ம மேப்பையும் ஜெராக்ஸ் கடையில பெருசாக்கித்தான ஒட்டுனோம்?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்ப அதுல போட்டிருக்கிற 1:5000..."

"நான் பாத்துக்கிறேன். நீ உக்காரு" என்றேன்.

பாடம் நடக்கும்போது குறுக்குக் கேள்வி கேட்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

செப்டம்பர் 13

மாவு பொங்கி வழிந்து ஃப்ரிட்ஜ் முழுக்க நாசம். துடைத்து முடிக்க ஒரு மணி நேரம். கி.நி.அ. கொடுத்த சின்னப் படத்தைத் தேடினேன், காணவில்லை. இப்போது அதற்கு ஒன்றும் அவசரமும் இல்லை.

அக்டோபர் 17

இடைவேளையில் முத்துப்பேச்சி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு தாள். செங்கட்டான் கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி நீதிமன்றம் கெடு விதித்திருக்கிறதாம். இரண்டு தெருவிலும் எல்லாக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆட்சேபணை இருந்தால் நவம்பர் 14-க்குள் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் வீட்டை இடித்துவிட்டு, இருபத்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் கல்லாங்குத்துப் பொட்டலில் உள்ள அடுக்குமாடிக்கு அனுப்பிவிடுவார்கள்.

முகவரி என்ற இடத்தில் 'மே-14' என்று இருந்தது.

"நம்ம போட்ட நம்பர் மிஸ்" என்றாள்.

அரசாங்கத்திடம் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, சர்வேயர்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் சார்ட் அட்டையை நம்பியா வீட்டை இடிப்பார்கள்? எண்ணை மட்டும் வசதிக்காக எடுத்திருப்பார்கள்.

"அளவையப் பத்திச் சொன்னேன்ல மிஸ்" என்றாள் மெதுவாக.

"நான்தான் பாத்துக்கிறேன்னு சொல்லிருக்கேன்ல. போய்ப் படி."

தலையாட்டிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 19

சின்னப் படம் கிடைத்தது. என் கைப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மடையிலிருந்து கண்மாய் எல்லைக் கோடு நான்கு சென்டிமீட்டர்.

சாம்பாரில் இரண்டு தடவை உப்பு போட்டுவிட்டேன். இவர் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

அக்டோபர் 29

மழை. பள்ளிக்கு அரைநாள் விடுமுறை. துணி எதுவும் காயவில்லை.

நவம்பர் 5

ஒரு வாரம் கொட்டித் தீர்த்துவிட்டு இன்றுதான் வெயில் வந்தது. கண்மாய் நிரம்பி மறுகால் போகிறது என்று ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நானும் போனேன்.

கீழத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டில் மேல் அடுப்பை வைத்துச் சமைக்கிறார்கள். மேட்டுத்தெருவில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வாசலில் போட்ட கோலம் அப்படியே இருக்கிறது. தண்ணீர் அந்தத் தெருவுக்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றுவிட்டது. இதற்கு மேல் கண்மாயில் ஒரு அங்குலம்கூடத் தண்ணீர் ஏறாது, மறுகாலில் போய்விடும்.

இனி மழுப்பி எழுதுவதில் அர்த்தமில்லை. விளங்கும்படியே எழுதிவிடுகிறேன். படத்தை இரண்டு மடங்காக்கியபோது அளவை 1:2500 ஆகிவிட்டது. நான் 1:5000 என்றே எழுதி வைத்தேன். பிள்ளைகள் அதை நம்பி வீடுகளைக் குறித்தார்கள். மேட்டுத்தெரு மடையிலிருந்து முந்நூறு மீட்டர். படத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் தள்ளி வந்திருக்க வேண்டியது ஆறு சென்டிமீட்டரில் வந்துவிட்டது. கண்மாய்க் கோடோ எட்டு சென்டிமீட்டரில் இருக்கிறது. அதனால் தெரு உள்ளே விழுந்தது. உண்மையில் கோட்டைத் தாண்டி நூறு மீட்டர் வெளியே இருக்கிறது. கண்மாய்க்குள் மேட்டுத்தெருவை இறக்கியது அந்தச் சனங்கள் இல்லை, நான்தான். வருஷா வருஷம் ரப்பர் பேண்டை இழுத்துக் காட்டுகிற நான்.

இருளாயி குழாயடியில் நின்றிருந்தாள். "வாங்க டீச்சர், ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து அழைத்தாள். நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தெருவில் யாருமே கேட்கவில்லை. பேன் பார்த்துக்கொண்டும் துணி உலர்த்திக்கொண்டும் சாவகாசமாக இருக்கிறார்கள். தலைக்கு மேல் கத்தி தொங்குவதுகூடத் தெரியாத சனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். டீ நன்றாக இருந்தது. முத்துப்பேச்சி எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

நவம்பர் 8

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், பதினாலாம் தேதி மாநிலக் கண்காட்சி. இந்த நேரத்துல போய் மேப்பே தப்புன்னு எழுதிக் குடுத்தா ஸ்கூலுக்குத்தான அசிங்கம்? உங்க பேரும் கெடும். ஆட்சேபணைய அந்தச் சனங்க குடுக்கட்டும். அவங்களே வந்து அளந்துக்குவாங்க. நீங்க ஏன் நடுவுல?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கண்காட்சி முடியட்டும்.

நவம்பர் 11

முத்துப்பேச்சி சென்னைக்கு வரவில்லையாம். அம்மாவுக்குத் துணையாக இருக்க வேண்டுமாம். அவளுக்குப் பதில் தர்ஷினி வருகிறாள். தர்ஷினிக்கு மடை எது, மறுகால் எது என்றே தெரியாது. ஆனால் ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள்.

நவம்பர் 14

சென்னை. பெரிய மண்டபம், நல்ல வெளிச்சம். சாப்பாடு சுமார். நடுவர்களில் ஒரு வயதான அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "அளவை என்ன?" என்று கேட்டார்கள்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள்.

"ஒன்றுக்கு ஐயாயிரம்" என்றேன்.

மாநிலத்தில் இரண்டாம் பரிசு. கேடயம் கனமாக இருக்கிறது. ரயிலில் மேல் படுக்கை கிடைத்தது, தூங்க முடியவில்லை. இன்றுதான் ஆட்சேபணைக்குக் கடைசித் தேதி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

நவம்பர் 18

விடுப்புப் போட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். தவறு என்னுடையது என்று இரண்டு பக்கம் எழுதி, சின்னப் படத்தையும் இணைத்திருந்தேன். துணை வட்டாட்சியர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி முழுவதையும் படித்தார்.

"கோர்ட்டு குடுத்த கெடுவுக்குள்ள எங்களால அளக்க முடியல டீச்சர். இருந்தது உங்க படம் ஒண்ணுதான். கீழத்தெருவுல அஞ்சாறு பேர் ஆட்சேபணை குடுத்தாங்க. மேட்டுத்தெருல இருந்து ஒருத்தர்கூட வரல. ஒருத்தர் வந்திருந்தாலும் மறு அளவை போட்டிருப்போம். ஆட்சேபணை இல்லைன்னு எழுதி கோர்ட்டுல தாக்கல் பண்ணியாச்சு."

"இப்ப நான் குடுக்கறேனே சார்."

"வாங்கி வெக்கிறேன். மேலயும் அனுப்புறேன். ஆனா நீங்க அந்த இடத்துக்குப் பாத்தியப்பட்டவங்க இல்லையே."

முத்திரை குத்தி நகல் கொடுத்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? வாசலில் ஒட்டிய தாளைப் படிக்கத் தெரியாதா? படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்களே!

நவம்பர் 27

ஆட்சியர் அலுவலகம். மனுவைக் கொடுத்தேன். டோக்கன் கொடுத்தார்கள்.

டிசம்பர் 3

மறுபடியும் ஆட்சியர் அலுவலகம். பரிசீலனையில் இருக்கிறதாம். இவரிடம் இன்று சொல்லிவிட்டேன். "இடிக்கிறது நீயா? நீ ஏன் கெடந்து அலையுற?" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கேடயத்தை ஹாலிலிருந்து எடுத்து பீரோவுக்கு மேல் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 11

அரையாண்டுத் தேர்வு, சமூக அறிவியல். காலையிலேயே பொக்லைன் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பள்ளியிலிருந்து கண்மாய் கூப்பிடு தூரம்தான். மேட்டுத்தெருப் பிள்ளைகளில் முத்துப்பேச்சி மட்டும் பரீட்சைக்கு வந்திருந்தாள். தலை சீவவில்லை. ஒவ்வொரு முறை சுவர் விழும்போதும் மற்ற பிள்ளைகள் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. கூடுதல் தாள் கேட்டாள். நூல் கட்டிக் கொடுத்தேன்.

டிசம்பர் 16

விடைத்தாள் திருத்தினேன். படத்தைப் பெரிதாக்கும்போது எந்த அளவை மாறாமல் உண்மையாக இருக்கும், விளக்குக என்று ஒரு கேள்வி. முத்துப்பேச்சி ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். ரப்பர் பேண்ட் படம்கூட வரைந்திருக்கிறாள். ஐந்துக்கு ஐந்து போட்டேன். வேறு என்ன போடுவது?

டிசம்பர் 20

இருளாயி மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். முத்துப்பேச்சி கூடவே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லாங்குத்துப் பொட்டலில் ஐந்தாவது மாடி ஒதுக்கியிருக்கிறார்களாம். லிஃப்ட் ஓடவில்லை. தண்ணீரைச் சுமந்து ஏற வேண்டியிருக்கிறதாம். வேலைக்கு இங்கேதான் வர வேண்டும், பஸ்ஸுக்கே பாதிக் கூலி போய்விடும் என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. தலைமையாசிரியர் இருக்கிறார், பியூன் இருக்கிறான் என்றுகூடப் பார்க்கவில்லை.

"படத்துல தப்பு பண்ணது நான்தாம்மா. உங்க தெரு கண்மாய்க்குள்ளயே இல்ல. நான் தப்பா எழுதுனதாலதான் உள்ள போச்சு" என்றேன். அழுதுவிட்டேன்.

இருளாயி ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் டீச்சர். பாப்பா அப்பவே சொல்லுச்சு."

"அப்ப ஏம்மா யாருமே ஆட்சேபணை எழுதிக் குடுக்கல? ஒருத்தர் குடுத்திருந்தாக்கூடப் போதுமே!"

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் பாத்துக்கிறேன்னு சொன்னீகளாமே டீச்சர். ரெண்டு வாட்டி சொன்னாகன்னு பாப்பா வந்து சொல்லுச்சு. கீழத்தெருக்காரவுக மனுக் குடுக்கப் போகையில எங்களயும் கூப்புட்டாக. நாங்கதான் போகல. டீச்சரே பாத்துக்கிறேன்னு சொல்லிருக்காக, நம்ம வேற போயி நின்னா அவுகள நம்பாத மாதிரி ஆயிரும்னு தெருவே பேசி வச்சுச்சு."

திட்டுகிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் டீ குடித்த அன்று அந்தத் தெரு ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் என்னை வைத்துத்தான் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

சான்றிதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இருளாயி கேட்டாள்: "அங்கிட்டு உள்ள பள்ளிக்கூடத்துல, வருசம் பாதியில சேக்க மாட்டோம்னு சொல்றாக. நீங்க ஒரு வார்த்தை சொல்லிவிட்டீகன்னா நல்லாருக்கும் டீச்சர்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முத்துப்பேச்சி முதன்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு பஸ் ஏறினேன். ஒன்றே கால் மணி நேரம். முத்துப்பேச்சி சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பள்ளியில் மூன்று மணி வரை உட்கார வைத்து, பிறகு சேர்த்துக்கொண்டார்கள். புது வகுப்புக்குள் போகும்வரை அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.